விறகடுப்புக் கண்ணாடி கறுக்குது, கதவைத் திறந்தால் வீடெல்லாம் புகை: காற்றை எப்படி விடுறது?

கேள்வி:
வணக்கம். நோர்வேயில, பேர்கன் நகரத்தில பழைய வீடொண்டு வாங்கி, இருந்த விறகடுப்பை மாத்திப் புதுசு பூட்டினனாங்கள், 5 கிலோவாட். ஊரில அம்மாவின்ர அடுப்பை ஊதுகுழலால ஊதி எரிச்ச எனக்கு இது என்ன பெரிய வேலை எண்டு நினைச்சன். பிழைச்சுப் போச்சு.

மேலயும் கீழயும் காற்றுத் திறப்பு இருக்கு. நெருப்புப் பிடிச்ச உடனே ரெண்டையும் முக்கால்வாசி மூடிப்போடுவன், விறகு மிச்சம் பிடிக்க. படுக்கேக்க விறகை நிரப்பி முழுக்க மூடுறனான். விடிய எழும்பிப் பாத்தால் கண்ணாடி தார் பூசின மாதிரி. புகைக்குழாயில ஒட்டின வெப்பமானி 100 பாகையைத் தாண்டுறதே இல்லை. பின்னேரத்தில கதவைத் திறந்தால் புகை முகத்தில அடிக்குது. புகைக்கூடு அடைச்சிட்டுதோ?

பதில்:
தம்பி, பின்னேரத்தில மட்டும் எண்டால், அந்த நேரம் குசினியில புகை உறிஞ்சி ஓடுதோ?

கேட்டவர்:
ஓம் அண்ணா, மனிசி கறி தாளிக்கேக்க முழு வேகத்தில.

பதில்:
அப்ப புகைக்கு அதுதான் காரணம். உறிஞ்சி வீட்டுக் காற்றை வெளிய தள்ள, அந்த இடத்தை நிரப்பக் காற்று எங்கையாவது இருந்து வரவேணும். யன்னலெல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தால் புகைக்கூட்டாலதான் கீழ வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. அடுப்புக்குக் கிட்ட யன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கோ. விறகு போடேக்க உறிஞ்சியை நிப்பாட்டி, காற்றை முழுக்கத் திறந்து, கதவை மெதுவா இழுங்கோ.

கண்ணாடி வேற கதை. மூடினால் விறகு மிச்சம் எண்டது எல்லாருக்கும் வாற நினைப்பு, நானும் ரெண்டு குளிர்காலம் அப்படித்தான் எரிச்சன். விறகு சூடேறேக்க வாயுவா வெளிவரும், அதின்ர சூட்டில பெரும்பங்கு அந்த வாயுவிலதான். காற்று இல்லாட்டி அது எரியாமல் மேல போய், குளிர்ந்த குழாயில தாராப் படியும். நீங்கள் மிச்சம் பிடிக்கிற விறகு புகைக்கூட்டில ஒட்டிக்கொண்டு நிக்குது. பிறகொரு நாள் அந்தத் தார் பத்தினால் புகைக்கூடே எரியும்.

கனக்க அடுப்புகளில கீழ்க்காற்று பத்த வைக்கிறதுக்கு மட்டும். விறகு நல்லாப் பிடிச்சாப் பிறகு அதை மூடி, மேல்காற்றால நடத்துங்கோ. அது கண்ணாடியை ஒட்டி இறங்கிக் கரி படியாமல் காக்கும், வாயுவையும் எரிக்கும். குழாயின்ர வெளிப்பக்கம் 120க்கும் 250க்கும் இடையில நிண்டால் சரி. சூடு கூடிச்செண்டால் அடுத்த முறை விறகைக் குறையுங்கோ, காற்றை நெரிக்காதேங்கோ. 5 கிலோவாட் அடுப்புக்கு மணித்தியாலத்துக்கு ஒண்டரைக் கிலோ அளவு போதும்.

இன்னொருவர்:
விறகையும் பாருங்கோ. கடைப்பை எண்டு நம்பேலாது. ஈரமானி வாங்கி, கட்டையைப் புதுசாப் பிளந்து உள்முகத்தில குத்திப் பாருங்கோ. 20 வீதத்துக்கு மேல எண்டால் எந்தக் காற்றாலயும் பிரயோசனமில்லை. பத்த வைக்கேக்க பெரிய கட்டை கீழ, சின்னச் சிராய் மேல, நெருப்பு உச்சியில. நம்மட ஊர் வழக்கத்துக்குத் தலைகீழ், என்ர மாமி இண்டைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டா. ஆனால் புகை குறைவு.

இரவில நிரப்பி மூடுறதை இண்டைக்கே விடுங்கோ. தணலில இருந்து கார்பன் மொனொக்சைட் வரும், மணமே இராது. படுக்கை அறைக்குக் கிட்ட அதுக்கான அலாரம் பூட்டுங்கோ. புகைக்கூடு துடைக்கிறவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ, இவ்வளவு நாள் புகைஞ்சதெல்லோ. குழாய் இரைஞ்சு, மேல பொறி பறந்தால் தண்ணி ஊத்தாதேங்கோ. காற்றை மூடி, எல்லாரையும் வெளிய கூட்டிக்கொண்டு போய் தீயணைப்புப் படைக்கு, 110க்கு அடியுங்கோ.

கேட்டவர் (ஒரு கிழமைக்குப் பிறகு):
விறகு 26 வீதம்! கொட்டிலில அடுக்கிவிட்டு வேற வாங்கினன், அது 16. வெப்பமானி இப்ப 180இல நிக்குது. கண்ணாடியை ஈரக்கடதாசியில சாம்பல் தொட்டுத் துடைச்சன், பளபளக்குது. யன்னலைத் திறந்ததில புகை இல்லை, ஆனால் மனிசிக்குக் கால் விறைக்குதாம். வெளிக்காற்றை நேர அடுப்புக்கே கொண்டுவாற குழாய் பூட்டின ஆக்கள் இருக்கிறியளோ?