நேப்பியர் பாலத்துக்கு வயது எத்தனை? (1869 கோஷ்டியின் கவனத்துக்கு)

கூவக்கரையான்
"காணாமல் போன சென்னை" திரியில் கோட்டைவாசி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கேயே பதில் போட்டால் திரி திசைமாறுகிறது என்று மட்டுறுத்துனர் வந்து நிற்பார், அதனால் தனியாகவே ஆரம்பிக்கிறேன். அவர் எழுதியது இதுதான்:

> 1869இல் வெள்ளைக்காரன் கட்டிய நேப்பியர் பாலம் இன்றும் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது. நாம் 1967இல் அடையாறு முகத்துவாரத்தில் கட்டியது பத்தே வருஷத்தில் உடைந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல?

சொல்ல நிறைய இருக்கிறது ஐயா. 1869இல் கட்டிய பாலம் இப்போது அங்கே இல்லவே இல்லை. பிரான்சிஸ் நேப்பியர் கவர்னராக இருந்த காலத்தில் கூவம் முகத்துவாரத்தில் போட்டது இரும்புப் பாலம். இன்று கோட்டைப் பக்கமிருந்து மெரினாவுக்குப் போகும்போது இரண்டு பக்கமும் வில் வில்லாக வளைந்து நிற்கிறதே, அது 1943இல் கட்டிய கான்கிரீட் பாலம். கட்டியது கேனன் டங்கர்லி கம்பெனி. விரிசல் இல்லாமல் நிற்கும் உங்கள் 1869 பாலத்தை எனக்கும் ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கோட்டைவாசி
என் ஒரு வரிக்குத் தனித் திரியா! ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு வேறு வேலை இல்லை என்பது பழைய தகவல்தான்.

நேப்பியர் 1872இல் ஊரைவிட்டே போய்விட்டார். 1943இல்தான் பாலம் பிறந்தது என்றால் அதற்கு எதற்கு அவர் பெயர்? பாலம் கட்டியது 1869. நடுவில் பழுது பார்த்தார்கள், புதுப்பித்தார்கள், அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நேப்பியர் பாலம், 1869 என்றுதான் இருக்கும்.

கூவக்கரையான்
புதுப்பித்தார்களா? இரும்பைப் புதுப்பித்தால் கான்கிரீட் ஆகுமா? எந்தக் கடையில் அந்த மருந்து கிடைக்கிறது என்று சொன்னால் நானும் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்கிறேன்.

ஓவர்சியர்
முப்பது வருஷம் பாலம், மதகு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அங்கே நிற்பது கம்பி கட்டிய கான்கிரீட்டில் செய்த வில் நாண் பாலம். மேலே வில். வில்லின் பாரம் இரண்டு காலையும் வெளியே தள்ளப் பார்க்கும். கீழே தளத்தோடு ஓடும் நாண் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வில்லிலிருந்து வரிசையாகச் செங்குத்துக் கால்கள் இறங்குகின்றன பாருங்கள், அவைதான் தளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. பக்கவாட்டுத் தள்ளு தூணுக்குப் போகாது என்பதால் முகத்துவார மணலுக்கு இது நல்ல சௌகரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867. அதுவும் பூந்தொட்டி செய்ய. அவர் அதில் முதல் பாலம் கட்டியது 1875இல், சஸ்லே என்ற ஊரில். உலகத்திலேயே அதுதான் முதல். 1869இல் சென்னையில் இந்த மாதிரிப் பாலம் இருக்க வழியே இல்லை.

கூவக்கரையான்
ஓவர்சியர் ஐயாவுக்கு ஒரு சலாம். கோட்டைவாசி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? பிரான்சுக்கு ஆறு வருஷம் முன்னாலேயே நேப்பியர் துரை கான்கிரீட் கண்டுபிடித்துவிட்டாரா?

கோட்டைவாசி
கூவத்தைப் பற்றிக் கேட்டால் பிரான்சுக்குப் போகிறார்கள். பூந்தொட்டிக்கும் நேப்பியருக்கும் என்ன சம்பந்தம்? 1869 என்பது வரலாறு. மற்றதெல்லாம் சிமெண்டு.

நடுவில்_ஒருவன்
ஒரு சின்ன யோசனை. "அதே பாலம்" என்று எதைச் சொல்கிறோம்? இடத்தையா, பெயரையா, கட்டுமானத்தையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடுமே.

கூவக்கரையான்
இதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை தம்பி. 1943.

கோட்டைவாசி
முதன்முறையாக அவரோடு ஒத்துப்போகிறேன், முடிவு செய்ய ஒன்றுமில்லை. 1869.

சைதை_ராஜா
எல்லாரும் நேப்பியரையே கட்டிக்கொண்டு அழுங்கள். சைதாப்பேட்டைப் பாலம் யார் கண்ணிலாவது படுகிறதா? 1726இல் கட்டியது. உங்கள் நேப்பியர் பிறப்பதற்கே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு இருந்தது.

கூவக்கரையான்
வாங்க ராஜா, சரியான இடத்தில் வந்தீர்கள். கோட்டைவாசி கணக்குப்படி பார்த்தால் உங்கள் சைதாப்பேட்டைப் பாலத்தின், அதாவது இன்றைய மறைமலையடிகள் பாலத்தின் வயதையும் 1726இலிருந்துதான் எண்ண வேண்டும். அடையாற்றின் மேல் அங்கே கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டிய பழைய வளைவுப் பாலம் போய், 1960களில் புதுப் பாலம் வந்தது. பழையதன் அடையாளமாக மிஞ்சியது உஸ்கானின் கல்வெட்டு மட்டும்தான். 2015 டிசம்பரில் வெள்ளம் மேலே ஏறிப் போக்குவரத்தை நிறுத்தினார்களே, அன்று நனைந்தது 1726 பாலமா? எந்தப் பைத்தியக்காரனாவது அப்படிச் சொல்வானா?

இன்னொன்று. கோட்டைவாசி மூச்சுக்கு மூச்சு "வெள்ளைக்காரன் கட்டினான்" என்கிறார். 1726 பாலத்தைக் கட்டியது கிழக்கிந்தியக் கம்பெனி இல்லை. ஓர் ஆர்மேனிய வியாபாரி, சொந்தப் பணம் 30,000 வராகன் போட்டுக் கட்டினார். பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் வைத்துவிட்டுப் போனார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு போட்டவரும் அவர்தான். கோட்டைக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய துரைகள் எத்தனை வராகன் போட்டார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

சைதை_ராஜா
பைத்தியக்காரன் என்று யாரைச் சொன்னீர்கள்? எங்கள் பாலம் 1726தான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் சொல்கிறோம்.

கூவக்கரையான்
உங்களைச் சொல்லவில்லை ராஜா. உங்களுக்காகத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

சைதை_ராஜா
எங்களுக்காக யாரும் வாதாட வேண்டாம். 1726.

அடையாறு_ஆலமரம்
கூவக்கரையான் சொல்வதை ஆதரிக்கிறேன். வெள்ளைக்காரன் கட்டியதும் உடையும். உடைந்த பாலம் என்று நாம் சொல்லும் அதுவே 1840இல் பிரிட்டிஷ்காரன் கட்டிய எல்பின்ஸ்டன் பாலம்தானே! கோட்டைவாசியின் வாதம் அங்கேயே உடைந்துவிட்டது.

கூவக்கரையான்
ஐயோ, என் பக்கம் பேசுகிறேன் என்று என் காலை வாராதீர்கள். ஆலமரம், உங்கள் பெயரில் அடையாறு இருக்கிறது, ஒரு தடவையாவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா? எல்பின்ஸ்டன் பாலம் வேறு, உடைந்த பாலம் வேறு. எல்பின்ஸ்டன் கவர்னராக இருந்தபோது 1840இல் கட்டியது இப்போதைய திரு.வி.க. பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1973இல் புதுப் பாலம் வந்ததும் பழையதை ஓரம் கட்டினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே கண்ணில் படும். உடைந்த பாலம் அதற்கும் கிழக்கே, ஆறு கடலில் சேருகிற இடத்தில். சீனிவாசபுரம் மீனவர்கள் நடந்து அக்கரைக்குப் போக 1967இல் கட்டியது, 1977இல் வெள்ளம் நடுவில் அறுத்துக்கொண்டு போனது. படப்பிடிப்புக்காரர்கள் போவது அங்கேதான்.

கோட்டைவாசி
எல்லாரும் கவனியுங்கள். 1967இல் நாம் கட்டினோம், 1977இல் உடைந்தது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சொன்னதும் அதுதான்.

கூவக்கரையான்
அதை எப்போது மறுத்தேன்? நான் மறுத்தது 1869. உங்கள் வாக்கியத்தின் இரண்டாம் பாதி சரி, முதல் பாதி புருடா. நேப்பியருக்கு வாருங்கள்.

அடையாறு_ஆலமரம்
நான் அடையாற்றில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் எல்லாரும் அதை எல்பின்ஸ்டன் என்றுதான் சொல்வார்கள். ஆதரவு கொடுக்க வந்தவனை இப்படிப் பேசினால் உங்களோடு யார் சேருவார்கள்?

வடசென்னை_வாசு
பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நேப்பியர், அடையாறு, சைதை. பேசின் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு, தெரியுமா? யானைகவுனிப் பாலத்தை இடித்துப் போட்டுவிட்டு எத்தனை வருஷம் எங்களைச் சுற்ற வைத்தார்கள். அதற்கு ஒரு திரி உண்டா? மெரினா பக்கம் இருந்தால் பாரம்பரியம், எங்கள் பக்கம் இருந்தால் டிராபிக் பிரச்சினை.

கூவக்கரையான்
நியாயம்தான் வாசு, நீங்களே ஆரம்பியுங்கள், நான் வருகிறேன். இங்கே 1943 முடியட்டும்.

வடசென்னை_வாசு
போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள்.

அல்லிக்குளம்
பெயர் இருந்தால் போதும், அதே கட்டடம்தான் என்கிறாரே கோட்டைவாசி, அவருக்கு ஒரு கேள்வி. என் அப்பா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். செங்கல் சிவப்பில் வளைவும் கோபுரமுமாக 1900இல் திறந்த கட்டடம். பாட்டுத்தட்டு, பறவைக் கூண்டு, பல் போன சீப்பு வரைக்கும் அங்கே கிடைக்கும். 1985 மே 30இல் எரிந்தது. வியாபாரிகளைப் பக்கத்தில் அல்லிக்குளத்துப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பழைய இடத்தில் ரயில்வே புறநகர் நிலையம் கட்டியது. இன்றைக்கும் அந்த நிலையத்தை எம்.எம்.சி., மூர் மார்க்கெட் வளாகம் என்று சொல்வதுண்டு. அதைப் பார்த்துவிட்டு "மூர் மார்க்கெட் 1900இலிருந்து அசையாமல் நிற்கிறது" என்று எழுதுவீர்களா? எழுதித்தான் பாருங்களேன்.

கோட்டைவாசி
மூர் மார்க்கெட் விஷயம் வேறு. அது எரிந்தது. நேப்பியர் எரியவில்லை.

அல்லிக்குளம்
எரிந்தால்தான் புதுக் கட்டடம், பிரித்துப் போட்டுவிட்டு வேறு கட்டினால் பழையதா? நேப்பியருக்கு ஒரு நியாயம், எங்கள் அப்பா கடைக்கு ஒரு நியாயமா?

கோட்டைவாசி
உணர்ச்சிவசப்படாதீர்கள். நான் சொல்ல வருவதே வேறு. அவர்கள் கட்டினார்கள், நாம் இடிக்கிறோம். ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த அரசினர் மாளிகையை 2008இல் இடித்தோம். அங்கே சட்டசபைக்கென்று கட்டி 2010இல் திறந்து, கடைசியில் அதை ஆஸ்பத்திரி ஆக்கினோம். சென்ட்ரல் ஜெயிலை 2009இல் இடித்தோம். இதில் எதையாவது மறுக்க முடியுமா?

கூவக்கரையான்
மறுக்கவில்லை. அரசினர் மாளிகை போனதில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. பக்கத்தில் ராஜாஜி ஹால் தனியாக நிற்பதைப் பார்த்தால் இன்னும் எரியும். ஆனால் மாளிகையை இடித்ததால் நேப்பியர் பாலத்துக்கு எழுபத்து நாலு வயது கூடிவிடாது. பேச்சை மாற்றுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. போன தடவை ஜெமினி மேம்பாலத்தை நாட்டிலேயே முதல் மேம்பாலம் என்று எழுதி, எல்லாரும் பிடித்துக்கொண்டதும் இப்படித்தான் ஸ்பென்சர் பக்கம் ஓடினீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். 1943 பாலத்தை ஒட்டி, 1990களின் கடைசியில் அதே வில் வடிவத்தில் இன்னொன்று கட்டினார்கள். ஒரு திசையில் போனால் 1943, எதிர்த் திசையில் வந்தால் 1990கள். உங்கள் 1869 எந்த லேனில் ஓடுகிறது? 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசினார்களே, எதன் மேல் பூசினார்கள், இரும்பின் மேலா?

நடுவில்_ஒருவன்
இதைத்தான் நான் முன்பே சொன்னேன், முதலில் எதைப் பாலம் என்கிறோம் என்று...

கூவக்கரையான்
தம்பி, கொஞ்சம் பொறு. பெரியவர் லேன் எண் சொல்லட்டும்.

மட்டுறுத்துனர்
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். ஜெமினி மேம்பாலத்தை இங்கே இழுக்க வேண்டாம். ஒரு பதிவு நீக்கப்பட்டது.

அடையாறு_ஆலமரம்
நீக்கியது என் பதிவு. எல்பின்ஸ்டன் பாலத்தின் படம் போட்டிருந்தேன். இந்தக் களத்தில் சிலருக்கு மட்டும் என்ன சலுகை என்று தெரியவில்லை.

கூவக்கரையான்
அது எல்பின்ஸ்டன் படமே இல்லை. உடைந்த பாலத்தின் படம்.

ஓவர்சியர்
லேன் என்றதும் ஞாபகம் வந்தது. வில் நாண் பாலத்தைப் பிற்பாடு அகலப்படுத்துவது லேசான காரியமில்லை. இரண்டு பக்கமும் வில் வழியை மறிக்கும். அதனால்தான் பக்கத்தில் தனியாக இன்னொன்று கட்டினார்கள். யாருக்காவது விவரம் வேண்டுமானால் எழுதுகிறேன்.

கோட்டைவாசி
வேண்டாம் ஐயா, பூந்தொட்டியே போதும்.

வேறு வேலை இருப்பதால் கிளம்புகிறேன். சென்னையின் பழமையான பாலங்கள் என்று ஒரு பட்டியல் தயாராகிறது, ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். அதில் நேப்பியர் பாலம், 1869 என்றுதான் இருக்கும். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

கூவக்கரையான்
தாராளமாகப் போடுங்கள். முதல் பின்னூட்டம் என்னுடையது, இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

சைதை_ராஜா
பட்டியலில் எங்கள் பாலம் முதலில் வர வேண்டும். 1726. மறக்காமல் போடவும்.

வடசென்னை_வாசு
பேசின் பிரிட்ஜ் அதில் இருக்குமா இருக்காதா? இப்போதே சொல்லிவிடுங்கள்.