கடல்ல நல்லா நீச்சல் தெரியும், ஆத்துல ராஃப்டிங் போலாமா? வீட்டுக்காரிக்கு நீச்சல் தெரியாது

தங்கச்சிமடம்_தம்பி:
வணக்கம். அக்டோபர்ல குடும்பத்தோட வடக்க போறோம், இங்கருந்து மண்ணு எடுத்துட்டுப் போய் பிரயாகையில கரைச்சுட்டு கங்கைத் தண்ணி கொண்டு வந்து ராமேஸ்வரத்துல அபிஷேகத்துக்குக் கொடுக்கணும்னு அம்மாவுக்கு பல வருஷ ஆசை, அது முடிஞ்சு ரிஷிகேஷ்ல ரெண்டு நாள். அங்க அரை நாள் ராஃப்டிங் (ரப்பர் படகுல ஆத்தோட வேகத்துல போறது) இருக்காம், கைடு கூடவே வருவாராம். நான் அப்பாவோட வள்ளத்துல போய்ப் பழகுனவன், தண்ணின்னா பயம் கிடையாது. வீட்டுக்காரி முட்டி அளவு தண்ணிக்கு மேல இறங்குனதே இல்ல, ஆனா போகணும்னு ஆசைப்படுறா. பையனுக்கு 11 வயசு. போலாமா? போனவங்க சொல்லுங்க.

பாம்பன்காரன்:
தம்பி, தங்கச்சியத் தாராளமா கூட்டிட்டுப் போங்க, நீச்சல் தெரியாதவங்க நிறைய பேர் போறாங்க, லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் ஏத்துவாங்க. பையன் மட்டும் முடியாது, 14 வயசு ஆகணும், அவன் பாட்டியோட கரையில இருக்கட்டும். ஜீப் மேல படகக் கட்டி ஆத்தோட மேல் பக்கம் கொண்டு போய் இறக்கி விடுவாங்க, அங்கருந்து துடுப்பு போட்டுட்டு வரணும். பிரம்மபுரியில ஏறுனா 9 கிலோமீட்டர், சிவபுரியில ஏறுனா 16. முதல் தடவைக்கு பிரம்மபுரி போதும்னுதான் சொல்லுவேன். சிவபுரி ரூட்ல ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ்னு பெரிய ரேபிட் (தண்ணி வேகமா அலையடிச்சு ஓடுற எடம்) எல்லாம் வரும், அதுவும் பிகினர்ஸ் போறதுதான், ஆனா தங்கச்சி பயந்துட்டா நடுவுல இறங்கிக்கலாம்னு நினைக்காதீங்க.
கைடு பின்னாடி உக்காந்து ஃபார்வர்ட், பேக்வர்ட், ஸ்டாப், கெட் டவுன்னு (படகுக்குள்ளயே கீழ குனிஞ்சு உக்காரணும்) கத்துவாரு. கத்துன அடுத்த நொடி செய்யணும், அவ்ளோதான் வேலை. துடுப்போட மேல் நுனியில டி மாதிரி ஒரு பிடி இருக்கும், அத உள்ளங்கையால மூடியே பிடிக்கணும், விட்டுட்டா பக்கத்துல இருக்கவங்க பல்லுல போய் அடிக்கும். ஊர்லயே பழகணும்னா பிரப்பன்வலசையில கயாக் (துடுப்பு போடுற சின்னப் படகு) விடுறாங்க, ஒரு நாள் தங்கச்சியக் கூட்டிட்டுப் போய் ஏத்தி விடுங்க, இடுப்பளவு தண்ணிதான், பயம் தெளியும்.

உச்சிப்புளி_மகா:
நான் போன வருஷம் போனேன், எனக்கும் நீச்சல் தெரியாது. அண்ணிக்கு சில விஷயம் சொல்றேன். சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் எதுவும் வேணாம், சீக்கிரம் காயிற டிராக் பேண்ட் டீ ஷர்ட் போதும். செருப்பு பின்னாடி வார் வச்சதா இருக்கணும். தாலிச்செயின், கொலுசு எல்லாம் அத்தைகிட்ட கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, கழட்ட மனசு வராதுன்னு தெரியும், எனக்கும் வரல, மஞ்சக்கயிறு மட்டும் போட்டுட்டுப் போனேன். லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டுனதுக்கு அப்புறம் ஜாக்கெட்டோட தோள்பக்கம் ரெண்டையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா இன்னும் இறுக்கணும். தண்ணி பனிமலைலேருந்து வருதுல்ல, முதல் அலை மேல அடிச்சப்ப மூச்சே நின்னு போச்சு, அழுகையே வந்துருச்சு. வாய மூடிட்டு மெதுவா மூச்சு விட்டா ஒரு நிமிஷத்துல சரியாயிரும்.

மண்டபம்_கடலோடி:
தம்பி, தங்கச்சியப் பத்தி எனக்குக் கவலை இல்ல, உங்களப் பத்திதான் கவலை. நானும் உங்கள மாதிரிதான் நினைச்சேன், கச்சான் காத்துல மன்னார் வளைகுடாவுல போய்ட்டு வந்தவனுக்கு ஆறு என்னன்னு. கடல்ல அலை நம்மளக் கடந்து போயிரும், தண்ணி பெருசா நகராது. ஆத்துல அலை பாறைக்குப் பின்னாடி அதே இடத்துல நிக்கும், தண்ணிதான் அத விட்டு ஓடிக்கிட்டே இருக்கும், நம்மளையும் இழுத்துட்டுப் போகும். உப்புத்தண்ணி தூக்குற அளவுக்கு நல்ல தண்ணி தூக்காது, வெள்ளையா நுரை இருக்கிற எடத்துல காத்து கலந்து இருக்கதால இன்னும் அமுங்கும்.
நான் முன்னால அணியத்துல உக்காந்துருந்தேன், பாதத்த ரப்பர் குழாய்க்கு அடியில சொருகுன்னாங்க, சொருகல. ஒரு குலுக்கு, தண்ணிக்குள்ள இருக்கேன். என் ஜாக்கெட் பக்கிள் ஒண்ணு உடைஞ்சது, கரையிலயே பாத்துட்டு சொல்லாம விட்டேன், அது முகத்துக்கு ஏறிருச்சு. கரை பக்கத்துல தரை தெரிஞ்சதும் கடல்ல நிக்குற மாதிரி கால ஊனிட்டேன் தம்பி. ரெண்டு கல்லுக்கு நடுவுல பாதம் மாட்டி, பின்னாடி வர்ற தண்ணி முதுகுல தள்ளி என்னயக் குப்புறக் கவுக்குது. ரெஸ்க்யூ கயாக் பையன் வந்து இழுத்தான். பெருவிரல் நகம் போச்சு, உசுரு போயிருக்கணும். விழுந்தா மல்லாக்கப் படுங்க, கால் ரெண்டும் தண்ணி போற பக்கம், கால் விரல் தண்ணிக்கு மேல தெரியணும். முட்டி அளவு தண்ணியா இருந்தாலும் ஓடுற எடத்துல எந்திரிக்காதீங்க. கயிறு வீசுனா கயித்தப் பிடிங்க, கையில சுத்தாதீங்க.

தங்கச்சிமடம்_தம்பி:
அண்ணே, படிச்சதும் வீட்டுக்காரிகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். கால ஊனுறதுதான் நானும் பண்ணிருப்பேன், சத்தியமா. பிரம்மபுரிதான் போறோம், ஞாயித்துக்கெழம பிரப்பன்வலசை. மகா தங்கச்சி, தாலிய அம்மா இப்பவே வாங்கி வச்சுக்கிறேன்னுட்டாங்க. அவ கண்ணாடி போடுவா, அதுக்கு என்ன பண்ணுறது?

உச்சிப்புளி_மகா:
கண்ணாடிக்குப் பின்னாடி மாட்டுற கயிறு ராம்நாட்ல கண்ணாடிக் கடையிலயே கிடைக்கும் அண்ணா, தலைக்கு இறுக்கமா பாத்து வாங்குங்க.