பேஸ்ட்டை மாற்றினால் வாய்ப்புண் நிற்குமா?

குடமுருட்டிக்கரை:
வலங்கைமான் பக்கம் ஊர். உதட்டின் உள்பக்கம், நாக்கு ஓரம் என்று மாறி மாறி வாய்ப்புண். மிளகளவுதான் இருக்கும், நடுவில் வெளுத்து, சுற்றிச் சிவந்து. அது வந்துவிட்டால் ரசம் சோறுகூட இறங்காது. 'உடம்புச் சூடு' என்று அம்மா மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலுமாகத் தருகிறார்கள். இதமாக இருக்கிறது, ஆனால் வருவது நிற்கவில்லை. இப்போது அண்ணி, பேஸ்ட்டில் இருக்கும் சோடியம் லாரில் சல்பேட்தான் காரணம் என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அதே பேஸ்ட்தானே, எனக்கு மட்டும் ஏன்?

அரசலாறு:
கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன் தம்பி. அண்ணி சொன்னது வெறும் வாட்ஸ்அப் கதை இல்லை. நார்வேக்காரர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் அது உள்ள பேஸ்ட் மூன்று மாதம், இல்லாதது மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி 14.3 புண்ணாக இருந்தது 5.1 ஆக இறங்கியது. பேஸ்ட் நுரைக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். வாயின் உள்தோலைக் காக்கும் வழவழப்பான படலத்தை அது குலைத்துவிடுகிறது, அப்புறம் காரமும் புளியும் தோலில் நேராகப் படுகின்றன என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் சோதித்தது பத்தே பேரை! 1999இல் இங்கிலாந்தில் பார்த்தபோது சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2012இல் கொரியாவில் எண்ணிக்கை குறையவில்லை, வலியும் ஆறும் நாளும் குறைந்தன. ஏற்கெனவே புண் வரும் வாகு உள்ளவர்களை அது சீண்டுகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு அந்த வாகு இல்லை, அவ்வளவுதான். மாற்றிப் பாருங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

மன்னார்குடி டீச்சர்:
பேஸ்ட்டோடு நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் இரும்பு, பி12 இரண்டையும் பாருங்கள். 2009இல் இஸ்ரேலில் வந்த ஆய்வில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 மாத்திரையை நாக்கடியில் வைத்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஆறாவது மாதம் புண்ணே இல்லை. மருந்தில்லாத வெறும் மாத்திரை வைத்தவர்களில் 32 சதவீதம்தான். அப்புறம், வெற்றிலை சீவல் பழக்கம் உண்டா?

குடமுருட்டிக்கரை:
கல்யாணம் காட்சி என்றால் மட்டும்தான் டீச்சர். டியூபைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. பேசாமல் பல்பொடிக்கு மாறிவிடட்டுமா?

அரசலாறு:
வேண்டாம், பொடி புண்ணில் உரசும். அந்தப் பெயர் இல்லாத பேஸ்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். நுரை குறைவாகத்தான் வரும், பல் விளக்கிய மாதிரியே இருக்காது, சகித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் புண் மூன்று வாரம் தாண்டியும் ஆறாவிட்டால் பேஸ்ட் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்காமல் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீவல் கல்யாணத்துக்கும் வேண்டாம் தம்பி.