அவகாடோ வேர் அழுகலுக்குப் பாஸ்பைட் ஊசி: மரத்தின் எதிர்ப்புச் சக்தியை அது தூண்டுமா?

கேள்வி (டோங்காட்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் தாத்தா நட்ட அவகாடோ மரங்கள் ஏழு இருந்தன. சென்ற கோடையில் ஒன்று பட்டுப்போயிற்று. இப்போது அதற்கு அடுத்த மரத்தில் இலைகள் சிறுத்து வெளிறி, உச்சிக் கிளைகள் மொட்டையாகிவிட்டன. காய்கள் மட்டும் கொத்துக்கொத்தாக, ஆனால் வளராமல் தொங்குகின்றன. அடிமண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தபோது, வெண்மையாக இருக்க வேண்டிய சல்லிவேர்கள் கறுத்து, விரல் பட்டதும் ஒடிந்தன.

மருந்துக் கடையில் பொட்டாசியம் பாஸ்பைட் கொடுத்து, அது உரம் என்று சொன்னார்கள். நண்பர் ஒருவரோ, அது மரத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவது என்கிறார். ஆஸ்பிரினைக் கரைத்து ஊற்றினாலே போதும் என்பது ஆயாவின் யோசனை. இவற்றில் எதை நம்பிச் செய்வது? தாத்தாவின் மரங்களில் இன்னொன்றை இழக்க மனம் வரவில்லை.

பதில் 1 (ஹோவிக்)

தம்பி, நீங்கள் சொல்லும் அறிகுறிகள் யாவும் பைட்டோப்தோரா சின்னமோமி என்னும் நுண்கிருமி உண்டாக்கும் வேர் அழுகலுக்கு உரியவை. அதற்கான ஊசி முறையில் நம் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. வெஸ்ட்ஃபாலியா தோட்டத்தில் ஆய்வாளர் டார்வஸும் உடன் பணியாற்றியவர்களும் ஃபொசெட்டில் அலுமினியம் என்னும் மருந்தை அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்தி, நலிந்த மரங்கள் தேறுவதைக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1984இல் வெளிவந்தது. அந்த மருந்து மரத்துக்குள் சென்றதும் உடைந்து, பாஸ்பைட்டாகவே மாறி வேலை செய்கிறது. மரத்துக்குப் போடும் தடுப்பூசி என்று இதைச் சொல்லலாம்.

கடையில் உரம் என்று சொன்னது தவறு. பாஸ்பேட்டும் பாஸ்பைட்டும் பெயரில் ஓர் எழுத்தளவே வேறுபட்டாலும், பாஸ்பைட்டை மரத்தால் மணிச்சத்தாக (பாஸ்பரஸ் ஊட்டமாக) பயன்படுத்த முடியாது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் அது செடிக்குக் கேடு செய்வதும் உண்டு.

காலம்தான் முக்கியம். முதல் ஆண்டில் நான் கொழுந்து விடும் வேளையில் ஊசி போட்டேன். மருந்தில் பெரும்பகுதி வேருக்கு இறங்காமல் தளிருக்கே ஏறிவிட்டது. இலை ஓரங்கள் கருகின, வேர் அப்படியே இருந்தது. இலை தயாரிக்கும் சர்க்கரை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே பாஸ்பைட்டும் போகும். ஆகவே தளிர் முற்றி, கரும்பச்சையாகி, வேர் புதிதாக ஓடத் தொடங்கும் சமயத்தில் போட வேண்டும்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அண்ணன் சொன்ன முறை சரியானது. தாவர நோயியல் படித்தவள் என்ற முறையில், தடுப்பூசி என்னும் ஒப்புமையை மட்டும் திருத்த விரும்புகிறேன். தடுப்பூசி குறிப்பிட்ட ஒரு கிருமியை உடலுக்கு அடையாளம் காட்டுகிறது. செடியிலோ, தூண்டப்படும் எதிர்ப்பு பல நோய்களுக்கும் பொதுவானது. நாளடைவில் அது தேய்ந்தும் போகும்.

பாஸ்பைட் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. அளவு மிகுந்திருந்தால் பைட்டோப்தோராவின் வளர்ச்சியை நேரடியாகவே தடுக்கும். அளவு குறைந்திருக்கும்போது, கிருமி நுழைந்த இடத்தில் செடி தன் செல்சுவரைத் தடிப்பாக்கவும், கிருமிக்கு நஞ்சான பொருள்களைச் சுரக்கவும் விரைவாகத் தொடங்குகிறது.

ஆயாவின் யோசனையை ஒதுக்கிவிடாதீர்கள், அதற்கு உண்மையான வரலாறு இருக்கிறது. 1961இல் ராஸ் என்பவர், புகையிலையின் ஓர் இலையில் தேமல் வைரஸ் தாக்கிய பிறகு மற்ற இலைகளும் எதிர்ப்புப் பெறுவதைக் கண்டார். 1979இல் ஒயிட் என்பவர், ஆஸ்பிரின் கரைசலைப் புகையிலை இலைக்குள் செலுத்தியே அத்தகைய எதிர்ப்பை உண்டாக்கினார். செடி தனக்குள் அபாயச் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சாலிசிலிக் அமிலத்துக்கு ஆஸ்பிரின் நெருங்கிய உறவு. ஆனால் பயன் தரும் அளவுக்கும் இலையைக் கருக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அதே எதிர்ப்பை எழுப்பும், செடியை அவ்வளவாகக் கருக்காத அசிபென்சோலார் போன்ற சேர்மங்களை உருவாக்கினார்கள். ஜப்பானில் நெல் குலைநோய்க்குப் புரோபெனசோல் என்னும் அத்தகைய மருந்து 1970களிலிருந்தே பயன்பாட்டில் உள்ளது. அழுகும் அவகாடோ வேருக்கு ஆஸ்பிரின் கரைசலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எதிர்ப்பைத் தூண்டினால் அதற்கு மரம் விலை கொடுக்கிறது. காய்களுக்கும் கிளைகளுக்கும் போக வேண்டிய சர்க்கரை தற்காப்புக்குச் செலவாகிறது. அளவுக்கு மீறித் தூண்டினால் வளர்ச்சி குன்றும்.

கேள்வி கேட்டவர்

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வேர் பெரும்பாலும் கறுத்துவிட்ட மரத்துக்கு இப்போது ஊசி போட்டால் பயன் உண்டா?

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அழுகிய வேர் மீண்டும் உயிர் பெறாது. இனி விடும் வேரைத்தான் காப்பாற்ற முடியும். அதற்கு மரத்தில் ஓரளவு இலையாவது இருக்க வேண்டும். காய்கள் முழுவதையும் இப்போதே பறித்துவிடுங்கள், மொட்டைக் கிளைகளை உயிருள்ள பகுதி வரை வெட்டிவிடுங்கள். மரம் முன்பிருந்த அளவுக்கு இல்லாமல், இன்றைய தழைப்பரப்புக்கு ஏற்ப, லேபிளில் உள்ளபடி மருந்தை அளந்து போடுங்கள். நோய் தெரியாத ஐந்து மரங்களுக்கும் சேர்த்துப் போடுவது நல்லது. பலன் அதிகம் கிடைப்பது அவற்றில்தான்.

பதில் 3 (ஸ்டாங்கர்)

ஊசியோடு வேலை முடிந்துவிடாது, தம்பி. இந்தக் கிருமியின் வித்துகள் ஈரமண்ணில் நீந்திச் சென்று வேரைப் பற்றுகின்றன. நம் கரையோரத்துக் கோடை மழையில் தண்ணீர் தேங்கினால் எந்த மருந்தும் தோற்றுப்போகும். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, மரத்தடியில் மரச்சில்லுகளைத் தடிப்பாக மூடாக்கு இடுங்கள்; அடிமரத்தை மட்டும் தொடாமல் விடுங்கள். பட்டுப்போன மரத்தின் இடத்தில் மறுநடவு செய்வதானால், வேர் அழுகலைத் தாங்கும் டூசா வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். பழைய வேர்களை முழுவதுமாகத் தோண்டி எடுத்த பிறகே, மேட்டுப் பாத்தியில் நடுங்கள்.