இந்த ஆண்டின் மொய் நோட்டு

குழு: வடக்கு மாசி வீதி வீடு

2020 ஏப்ரல் 25, சனிக்கிழமை

குமரன், காலை 10.40
பெரியப்பா, நானும் அப்பாவும் இப்போதுதான் வீடு திரும்பினோம். நாளைக் காலை ஆறு மணி முதல் 29ஆம் தேதி இரவு ஒன்பது மணி வரை மதுரையில் முழு ஊரடங்கு என்று நேற்று அறிவித்ததால், ஒரு மாதமாக இடைவெளி விட்டு நிற்கப் பழகிய மக்கள் இன்று தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் நான்கு நாளைக்கு வேண்டிய காய்கறியை உங்கள் வாசல் திண்ணையில் வைத்திருக்கிறேன். பையை உடனே தொட வேண்டாம். சற்று நேரம் வெயிலில் இருக்கட்டும்.

பெரியப்பா, காலை 11.15
பை வந்து சேர்ந்தது, குமரா. உன்னைத் திண்ணையோடு திருப்பி அனுப்பியதுதான் மனதுக்கு ஒப்பவில்லை. இன்று மீனாட்சி கோயிலில் கொடியேறியிருக்க வேண்டிய நாள். விடியற்காலையில் எழுந்து, குளித்து, பழக்கத்தால் பட்டுக்கரை வேட்டியை உடுத்திவிட்டேன். வாசல் வரை வந்த பிறகுதான், போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. மாசி வீதியில் பந்தல் இல்லை, நீர்மோர்ப் பானை இல்லை, மாலையில் அம்மனும் சுவாமியும் வீதியுலா வரப் போவதும் இல்லை. இந்தத் தெருவில் பிறந்த எனக்கு எழுபத்து நான்கு வயதில் தெருவின் இந்தக் கோலம் புதிது.

வசந்தா அத்தை, பகல் 12.05
அண்ணே, நான் சென்னைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த 31 ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, மூத்தவன் பிறந்த ஆண்டு மட்டும்தான், திருக்கல்யாணத்துக்கு மதுரைக்கு வராமல் இருந்தேன். இப்போது மாவட்டம் தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டைத் திருமணம், இறப்பு, அவசர மருத்துவம் ஆகிய காரணங்களுக்குத்தான் தருகிறார்கள். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எந்தக் காரணத்தில் சேர்ப்பது? அண்ணி வாங்கி வைக்கும் தாலிக்கயிறு இல்லாமல் இந்தச் சித்திரை போகப் போகிறது என்று நினைத்தாலே கண் கலங்குகிறது.

பெரியம்மா, பகல் 12.30
வசந்தா, உனக்கும் சேர்த்துத்தான் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். ஊரடங்குக்கு முன்பே, பங்குனியிலேயே வாங்கியது. மஞ்சள் தடவிப் பூஜை அறையில் இருக்கிறது. நீ எப்போது வந்தாலும் அது உனக்காக இருக்கும்.

சித்தப்பா, இரவு 9.20
அண்ணே, எல்லாரும் இருக்கும் இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டுகிறவர்களுக்காகத் தை மாதம் முதல் தைத்த உடுப்புகள் அறுபத்திரண்டு பேருக்கு உரியவை, புதுமண்டபத்துக் கடைக்குள் பூட்டிக் கிடக்கின்றன. சல்லடம், கச்சை, உருமால் என்று ஜிகினா வைத்து முடித்தவை பாதி. வெட்டி வைத்துத் தைக்காதவை மீதி. மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை வந்தபோது ஒரு வாரத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்துப் பூட்டினேன். இப்போது முன்பணம் கொடுத்தவர்கள் ஊர்களிலிருந்து தொலைபேசியில் அழைக்கிறார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, அவர்களுக்கும் வேலை இல்லை. ஆனால் அந்தப் பணம் துணியாகவும் கூலியாகவும் போய்விட்டது. என்னை அதைவிட வருத்துவது நம் தையல்காரர்கள் மூன்று பேரின் நிலை. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குச் சித்திரையில் கிடைப்பதுதான் ஆடி வரைக்கும் ஆதாரம். ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாயும் அரிசியும் இந்த மாதத்தை ஓட்டிவிட்டன. அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததுதான் தாங்க முடியவில்லை. பாய்க்கு இன்று முதல் நோன்பு. இருபத்தாறு ஆண்டுகளாக அழகர் உடுப்புக்கு அவர் கைதான் கடைசித் தையல் போடும். இந்த ஆண்டு பள்ளிவாசலில் கூடிக் கஞ்சி குடிக்கவும் வழியில்லாமல் வீட்டிலேயே நோன்பு திறந்ததாகச் சற்றுமுன் சொன்னார்.

செல்வி (கோவை), இரவு 11.50
சித்தப்பா, பணி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இரவு வேளையில் எதையும் முடிவுசெய்ய வேண்டாம். முன்பணம் கேட்பவர்களிடம், உடுப்பு பத்திரமாக இருக்கிறது, அடுத்த சித்திரைக்கு அப்படியே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்த்திக்கடனுக்குத் தைத்ததை வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்களின் பெயர்களை மட்டும் தனியாக எழுதி வையுங்கள்.

2020 ஏப்ரல் 27, திங்கட்கிழமை

பெரியம்மா, காலை 7.10
செல்வி, உன் பெரியப்பாவிடம் நீதான் பேச வேண்டும். நேற்று முழுவதும் பேச்சே இல்லை, சாப்பாடும் பாதிதான். பரணிலிருந்து ஆட்டுத்தோல் பையை இறக்கி, துருத்தியைத் துடைத்து, தோலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தனியாகவாவது வைகைக் கரைக்குப் போய்த் தண்ணீர் பீய்ச்சிவிட்டு வந்துவிடுவேன் என்கிறார். தெருமுனையில் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால், வயதானவனை யார் தடுப்பார்கள் என்று கேட்கிறார்.

பெரியப்பா, காலை 7.40
குழுவில் எழுதும் அளவுக்கு இது பெரிய செய்தி இல்லை. 1978 முதல் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் செய்த கடமையை நிறுத்தச் சொன்னால் மனம் கேட்குமா? அழகர்மலையிலிருந்து தங்கையின் திருமணத்துக்குக் கிளம்பி, வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டதைக் கேட்டு ஆற்றோடு திரும்புகிறவர் என்றுதான் நாம் அவரைப் பற்றிச் சொல்லி வளர்ந்தோம். இந்த ஆண்டு அண்ணன் கிளம்பவே இல்லை. அவர் வராவிட்டாலும், அவர் கால் படும் மணலை நனைக்க ஒருவனாவது போக வேண்டாமா என்பதே என் எண்ணம்.

செல்வி (கோவை), பிற்பகல் 2.15
பெரியப்பா, உங்களுக்கு நான் புத்தி சொல்லும் இடத்தில் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1978இல் அப்பாவுக்குக் காமாலை முற்றி, பிழைப்பாரா என்று தெரியாமல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பத்தா வேண்டிக்கொண்டதால்தான் நீங்கள் அந்தத் தோல் பையை முதன்முதலாகத் தோளில் போட்டீர்கள் என்று அப்பாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். பிழைத்து எழுந்தவர் அதற்குப் பின் 39 ஆண்டுகள் இருந்தார். அதில் நான் பிறந்தேன். ஓர் உயிர் தங்க வேண்டும் என்று தொடங்கிய வேண்டுதல் அது. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்தத் தொற்று உங்கள் வயதில் சர்க்கரையோடு சேரும்போது என்ன செய்கிறது என்பதை நான் தினமும் முகக்கவசத்துக்குள் நின்று பார்க்கிறேன். எங்கள் வார்டில் இருப்பவர்களின் வீட்டார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட நிற்க முடிவதில்லை. நாங்கள்தான் தொலைபேசியை அவர்கள் காதருகே பிடிக்கிறோம். அப்படி உங்கள் காதருகே வேறு ஒரு செவிலி தொலைபேசியைப் பிடிக்க, நான் கோவையிலிருந்து பேச வேண்டிய நிலை எனக்கு வர வேண்டாம்.

பெரியப்பா, இரவு 8.05
காமாலைச் செய்தியை அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். சரி அம்மா. தோல் காய்ந்துவிடாமல் இருக்க எண்ணெய் மட்டும் பூசிப் பரணில் திரும்ப ஏற்றிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டேன் என்று உன் பெரியம்மா எழுதச் சொல்கிறாள்.

2020 மே 2, சனிக்கிழமை

வசந்தா அத்தை, மாலை 5.30
அண்ணே, தம்பி சொன்னதை ஒரு வாரமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே கோயம்பேடு சந்தையோடு தொடர்புடைய தொற்று என்று நாள்தோறும் செய்தி வருவதால் வாசலைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது. கதவுக்குள் இருந்து நினைத்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் விருந்து சாப்பிட்டுவிட்டு நம் வீட்டார் எல்லாரும் மொய் எழுதுகிறோம். நம் வீட்டுப் பெண்ணின் திருமணம் என்று நினைத்து எழுதும் மொய் அது. இந்த ஆண்டு விருந்து இல்லை. எழுதுவதற்கு மேசை இல்லை. ஆனால் மொய்க்கென்று எடுத்து வைத்த பணம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதை இங்கே, இந்தக் குழுவிலேயே எழுதி, தம்பியின் கடையில் அழகருக்கு உடுப்புத் தைத்த மூன்று பேருக்கும் கொடுத்தால் என்ன?

சித்தப்பா, மாலை 5.50
அக்கா, என் கடைப் பொறுப்பை நீங்கள் எல்லாரும் சுமப்பதா என்று முதலில் தயங்கினேன். நாலு முறை படித்த பிறகுதான், நீங்கள் எனக்குக் கொடுப்பதாகச் சொல்லவில்லை என்பது புரிந்தது. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: உதவி என்ற சொல்லை அவர்களிடம் யாரும் பயன்படுத்த வேண்டாம். ஒருவர் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் வாங்க மாட்டார்.

பெரியப்பா, மாலை 6.30
வசந்தா சொன்னது முறையான செயல். மீனாட்சியின் பெயரால் எழுதிய மொய், அழகர் உடுப்புத் தைத்த கைகளுக்குப் போகிறது என்று சொன்னால் போதும், அதுவே உண்மையும்கூட. நோட்டு நான் எழுதுகிறேன். ஆனால் தாலி கட்டி முடிந்த பிறகுதான் மொய். அதற்கு முன்பு யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

2020 மே 4, திங்கட்கிழமை

குமரன், காலை 8.30
பெரியம்மா, கோயில் இணையதளத்தின் நேரலை தொடங்கியதும் இணைப்பை இங்கே இடுகிறேன். உங்கள் தொலைபேசியை மின்னூட்டியிலேயே வைத்திருங்கள்.

வசந்தா அத்தை, காலை 9.12
மணமேடை தெரிகிறது அண்ணி, ஆனால் நடுநடுவே படம் நின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய கோயிலில் பட்டர்கள் சிலர் மட்டும் நிற்கிறார்கள். கூட்டம் இல்லாததால் மந்திரம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறது. இத்தனை ஆண்டுகள் ஆடி வீதியில் பந்தலுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றும் நான் இதைக் கேட்டதில்லை.

பெரியம்மா, காலை 9.35
கட்டியாயிற்று. என் கயிற்றை மாற்றிக்கொண்டேன். வசந்தா, உன் கயிற்றை அம்மன் படத்தின் பாதத்தில் வைத்து எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டேன். நீ இப்போது உன் வீட்டில் ஒரு மஞ்சள் நூலையாவது கட்டிக்கொள். அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளில் வாசலில் ஒரு பந்தல்கூட இல்லையே என்று இருந்தது. எதிர் வீட்டார் ஒரு பானையில் பானகம் கரைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறார்கள். தடுப்பில் நிற்கும் காவலர்கள் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

செல்வி (கோவை), காலை 9.50
நேரலையைப் பார்க்க முடியவில்லை, பணியில் இருந்தேன். மதுரையைச் சேர்ந்த ஒரு பாட்டி எங்கள் வார்டில் இருக்கிறார். மணி ஒன்பதைத் தாண்டியதும், கட்டியிருப்பார்களா அம்மா என்று கேட்டார். கட்டியிருப்பார்கள் என்று சொன்னேன். அவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

பெரியப்பா, காலை 10.30
சார்வரி ஆண்டு, சித்திரை 21, திங்கட்கிழமை. மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கல்யாண மொய்.
வடக்கு மாசி வீதி, வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான் எழுதுவது ரூபாய் 5001.
என் மனைவி தன் கைச்சேமிப்பிலிருந்து தனியாக எழுதச் சொன்னது ரூபாய் 501.
சென்னை வசந்தா ரூபாய் 2001.
கோவை செல்வி, இறந்துபோன என் தம்பியின் பெயரால் ரூபாய் 1501.
குமரன், தன் முதல் மொய்யாக ரூபாய் 101.
ஆக மொத்தம் ரூபாய் 9105. மூன்று பங்காகப் பிரித்தால் ஒருவருக்கு 3035 ரூபாய் வருகிறது. எல்லாரும் தம்பியின் எண்ணுக்குக் கூகுள் பேயில் அனுப்பிவிடுங்கள். என் பணத்தைக் குமரன் திண்ணையில் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

சித்தப்பா, பிற்பகல் 1.20
மூன்று வீட்டுக்கும் போய், வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு வந்தேன் அண்ணே. நீங்கள் சொல்லச் சொன்னதையே சொன்னேன். இரண்டு பேர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். பாய் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் திரும்பி வந்தார். சேதுபதி பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் அவரும் 51 ரூபாய் எழுதுவது வழக்கமாம். இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும் எனக்கு அது தெரியாது. இந்த ஆண்டு நோட்டு உங்களிடம் இருப்பதால், அதைச் சேர்த்து எழுதச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியப்பா, பிற்பகல் 1.35
வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, தம்பி. எழுதிவிட்டேன்.
புதுமண்டபம், அழகர் உடுப்புத் தைக்கும் பாய், ரூபாய் 51.
மொத்தம் ரூபாய் 9156.