புதுப்பிப்பு: கல்லூரித் தடகளப் பயிற்சியாளர் வேலைக்கு என்ஐஎஸ் டிப்ளமோ போதுமா?

பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்ஐஎஸ்) பயிற்சியாளர் டிப்ளமோ மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது.

"எம்பிஎட்டோட நெட்டையும் முடிச்சிடு தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. எம்பிஎட் என்பது உடற்கல்வி முதுகலை; நெட் என்பது கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் உடற்கல்வி இயக்குநருக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி முதுகலையில் 55 சதவீதம், நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சி, போட்டிகளில் பங்கேற்ற சான்று வேண்டும். பட்டியாலா டிப்ளமோ இதற்கு ஈடாகாது. ஆனால் நேர்காணலில் அதுதான் பேசியது: 110 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் தடைக்கு முன் ஏழு காலடி வைப்பதா எட்டா என்றே வெகுநேரம் போனது.

எதிர்பாராதது உடல்தகுதித் தேர்வு. 30 வயது வரை ஆண்களுக்கு 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்களுக்கு 8 நிமிடத்தில் 1,000. ஓடலாம், நடக்கலாம். குண்டு எறிகிற எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.