ரிட்டெய்னர் ஏறவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 41. தோட்டத்து லயத்தில் வளர்ந்தபோது பல்லுக்குக் கம்பி போட வழியில்லை; நானே சம்பாதித்துப் போட்டு, போன தீபாவளிக்கு முன்தான் கழற்றினேன். பல் மறுபடி நகராமல் இருக்க, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான ரிட்டெய்னரைப் போட்டு வந்தேன்.

அம்மாவுக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் மூன்று வாரம் ரிட்டெய்னர் போடவில்லை. நேற்று போட்டால் கீழ்வரிசையில் ஏறவே இல்லை. அழுத்தினால் முன்பல் விண்ணென்று தெறிக்கிறது. கறிவேப்பிலை நரம்பு சிக்குமே, அந்தப் பழைய இடுக்கு மறுபடி நாக்கில் தட்டுப்படுகிறது. பல்லைச் சுற்றியுள்ள நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும் என்று டாக்டர் அப்போதே சொன்னார்.

வெந்நீரில் போடச் சொல்கிறார் அக்கா; பிளாஸ்டிக் கோணிவிடும், அது மாட்டேன். ஈப்போவில் அடுத்த வாரம்தான் தேதி கிடைத்தது. பல்லின் பின்னால் ஒட்டும் கம்பிக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? அழுக்குச் சேராமல் எப்படித் துலக்குகிறீர்கள்? புதிதாக அச்செடுக்க எவ்வளவு ரிங்கிட் ஆனது?